ஸ்கேனுக்கு முன் ஊட்டிய பிரசாதம்

மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபின், அது வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன் எடுக்கச் சேலத்துக்குப் போனோம். ஊசியில் ஏற்றும் மருந்து சர்க்கரை மாதிரி, நோயுள்ள இடம் அதை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும், அதனால் ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

அது மார்கழி. தியாகதுருகத்தில் விடியற்காலை பஸ் ஏறும் முன், கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள்.

"சாப்பிடக்கூடாதுன்னாங்களே" என்றாள்.

"பிரசாதத்த வேணான்னு சொல்லுவாங்களா?" என்று நான்தான் ஊட்டிவிட்டேன்.

ஸ்கேன் அறையில் கேட்டபோது, தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடவில்லை என்று இருவரும் மனதாரச் சொன்னோம்.

படம் எடுத்தவர் வெளியே வந்தார். "ஒடம்புல சதையெல்லாம் ஒளிருது, நோய் எதுன்னே பிரிச்சுப் பாக்க முடியல. காலையில என்ன சாப்ட்டாங்க?"

"ஒண்ணும் இல்லீங்க. சாமி பிரசாதம் மட்டுந்தான்."

"சாமி குடுத்தாலும் வெல்லம் வெல்லந்தானுங்களே, ஐயா."

மறுபடி எடுக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்தப் படத்தில் கல்லீரலில் இரண்டு இடம் ஒளிர்ந்தது.

"இது மொதல்லயே இருந்துச்சுங்களா?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"அதச் சொல்ல முடியாதுங்க" என்றார். கல்லீரலுக்கும் பரவிவிட்டதால் மார்பில் ஆபரேஷன் இனி வேண்டாம், மருந்து மட்டும் ஏற்றலாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவள், "சாமி மேல கோவமா கீறீங்களா?" என்று கேட்டாள்.

என் கோபம் சாமி மேல் இல்லை. அன்று அவளுக்கு ஊட்டிய கை என்னுடையது.