சனிக்கிழமை வட்டம், ஞாயிற்றுக்கிழமை எள்

வசுமதிக்கு யாரையும் பிடிக்காது. அதை ஒரு குறையாக அவள் நினைத்ததே இல்லை. தராதரம் தெரிந்தவள் என்றுதான் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். கல்யாணமான கையோடு மாண்ட்ரியலுக்கு வந்து, புவாண்ட்-கிளேரில் வீடு வாங்கி, பாதி ஆயுள் அங்கேயே கழிந்தும் அந்தத் தெருவில் ஒருத்தர் வீட்டுக்குக்கூட அவள் காபி குடிக்கப் போனதில்லை. வெள்ளைக்காரர்களுக்குச் சுத்தம் போதாது. பார்க் எக்ஸ்டென்ஷனில் வந்து இறங்கியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த டாக்டர், புரொபசர் குடும்பங்களை எடுத்துக்கொண்டால், அதில் பாதிப் பேருக்கு ரசம் வைக்கத் தெரியாது. செருப்புக் கிடங்கு ஒன்றின் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அங்கே கூட வேலை பார்த்தவர்களின் பெயரைக்கூட அவள் சரியாகச் சொன்னதில்லை, வேண்டுமென்றேதான்.

மிச்சம் இருந்தது பூர்ணா மாமி ஒருத்தி. டாக்டர் வீட்டு அம்மாள். அவளையும் வசுமதிக்குப் பிடிக்காது, ஆனால் பயப்படுவாள். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பதெல்லாம் பூர்ணா மாமியின் டெலிபோன் வழியாகத்தான் போகும். வசுமதியும் அந்த டெலிபோனின் இன்னொரு முனையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து ஊரை மென்று துப்பியவள்தான். ஆகவே தன் பெயர் அதில் அடிபட்டால் எப்படியிருக்கும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

புருஷன் சுந்தரராஜன் விமானக் கம்பெனியில் இன்ஜினியர். வீட்டில் அவர் பேசியதெல்லாம் ஒற்றை வார்த்தைகள். "காபி." "சாவி." "பேப்பர்." விருந்தாளிகள் வந்தால் மட்டும் வாய் நீளும். ஏதாவது பேச்சில் வசுமதி நுழைந்தால், "அவளுக்கு அதெல்லாம் புரியாது," என்று சிரித்துக்கொண்டே சொல்வார். விருந்தாளிகளும் சிரிப்பார்கள். மனிதரை மட்டமாகப் பார்க்கும் வித்தையை அவள் எங்கே கற்றாள் என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். போன வருஷத்துக் குளிரில் வாசல் பனியைத் தள்ளப் போனவர் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதோடு சரி.

ஒரே பிள்ளை ராகவ் பதின்மூன்று நாள் காரியத்தையும் செய்தான். அதன் பிறகு முடியாது என்றுவிட்டான். அமாவாசையும் இல்லை, திவசமும் இல்லை. இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டுப் பழைய புத்தகக் கடையில் வேலைக்கு நின்றான். வில்லரேயில் எலிசா என்ற பெண்ணோடு குடியிருந்தான். எலிசா ஜான்-டலோன் சந்தையில் சீஸ் விற்கிறவள். அது போதாதென்று இரண்டு பேரும் பேகன்களாகிவிட்டார்கள். அதாவது ஐரோப்பாவில் கிறிஸ்தவம் வருவதற்கு முன்னால் இருந்த தெய்வங்களை, ஆயிரம் வருஷம் கழித்து, புத்தகத்தைப் பார்த்துக் கும்பிடுகிற கூட்டம். "நம்மாத்துல முப்பத்துமுக்கோடி இருக்கு, அதுல ஒண்ணுகூடப் பிடிக்கலையாம் துரைக்கு," என்று பூர்ணா மாமியிடம் சொல்லிச் சிரித்தாள் வசுமதி. சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

தொண்ணூற்றைந்து புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தது. போன வருஷம் தலைத்திவசம் ஆகவில்லை, அதற்கு முன்னால் மகாளயம் கிடையாது என்று ஒரு சாக்கு இருந்தது. இந்த வருஷம் எந்தச் சாக்கும் கிடையாது. தலைத்திவசத்தன்று பையன் ஊரிலேயே இல்லை என்று பூர்ணா மாமியிடம் பொய் சொல்லியாயிற்று. இப்போது மறுபடியும் போன் வரும். "பையன் பண்ணினானா?" என்று அந்தத் தேன் குரலில் கேட்பாள். இன்னொரு பொய்க்கு வசுமதியிடம் தெம்பில்லை. அப்பாவுக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டுப் போடா என்று ராகவிடம் போனில் கெஞ்சினாள். அவள் தமிழில் கெஞ்ச, அவன் இங்கிலீஷில் பதில் சொன்னான். பேசக் கற்ற நாளிலிருந்து அவன் அப்படித்தான். அவனுக்குத் தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் ஏறவில்லை என்பது அவள் கணக்கு.

அவன் ஒரு பேரம் வைத்தான். சனிக்கிழமை பகலும் இரவும் சமமாகிற நாள். மேபன் என்று பெயர். எங்கள் வீட்டுப் பின்கட்டில் அறுவடைக்கு நன்றி சொல்லுவோம். நீ வந்து கடைசி வரைக்கும் எங்களோடு நின்றால், ஞாயிற்றுக்கிழமை நான் வந்து உன் வாத்தியார் முன்னால் உட்காருகிறேன் என்றான். புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமாகப் பெருமாளை விட்டுவிட்டுப் பேயாட்டம் பார்க்கப் போகவேண்டியிருக்கிறதே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சரி என்றாள்.

அவனே வந்து காரில் அழைத்துப் போனான். வீட்டுக்குப் பின்னால், துணிக்கொடிக்குக் கீழே, பத்துப் பன்னிரண்டு பேர் அங்கி மாட்டிக்கொண்டு நின்றார்கள். வெல்வெட் போர்வை போர்த்திய ஒரு தடியன், அதற்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ. ஒரு நர்ஸ், தலையில் காய்ந்த இலை. மேஜை நிறைய ஆப்பிள், சோளக்கதிர், பூசணி, ரொட்டி, ஒயின். எல்லாம் காலையில் சந்தையில் வாங்கியது. பூசணியின் மேல் விலைச் சீட்டுகூட உரியவில்லை. வாழ்நாளில் ஒரு மிளகாய்ச் செடி வளர்க்காத கூட்டம் அறுவடைக்கு நன்றி சொல்லக் கிளம்பியிருந்தது. இதைப் பார்த்து மூக்கைச் சுளித்த வசுமதி, இரண்டே நாள் முன்னால், பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று கேள்விப்பட்டு, பூர்ணா மாமி வீட்டு வரிசையில் ஸ்பூனும் கையுமாக நின்றவள். அது அவள் ஞாபகத்துக்கு வரவேயில்லை.

எலிசா காய்கூட நறுக்க உதவாத ஒரு கறுப்புப் பிடிக் கத்தியை நீட்டியபடி எல்லோரையும் சுற்றி வந்து வட்டம் போட்டாள். வட்டம் போட்டுவிட்டால் அவள் திறந்துவிடும் வரை யாரும் வெளியே போகக்கூடாதாம். பிறகு கிழக்கே பார்த்துக் காற்றைக் கூப்பிட்டார்கள், தெற்கே நெருப்பை, மேற்கே தண்ணீரை, வடக்கே மண்ணை. இன்று முதல் சூரியன் தேய்ந்து சாகப் போகிறான், தேவி அவனைத் தேடிப் பாதாளத்துக்குப் போகிறாள் என்று எலிசா உருகி உருகிச் சொன்னாள். அதற்கு நடிப்பும் இருந்தது. செத்துப்போகிற சூரிய ராஜாவாக, தலையில் இலைக் கிரீடத்தோடு, புல்லில் மல்லாந்து படுத்தது ராகவ். பெற்றவளுக்கு வயிறு எரிந்தது. சொந்தத் தகப்பனுக்கு எள் விட மாட்டேன் என்றவன், ஊர் பேர் தெரியாத சூரியனுக்காகச் செத்துக் காட்டுகிறான்!

அதன் பிறகு ஒரு ஆப்பிளைக் கைமாற்றினார்கள். ஆப்பிள் யார் கையில் இருக்கிறதோ, அவர் நன்றி சொல்ல ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த இருட்டோடு போகட்டும் என்று ஒன்றை விட்டுவிடவும் வேண்டும். தடியன் புது வேலைக்கு நன்றி சொன்னான், சிகரெட்டை விட்டான். நர்ஸ் பூனைக்கு நன்றி சொன்னாள். எழுந்து உட்கார்ந்திருந்த ராகவ், அப்பா தன்னைச் சைக்கிள் ஓட்டப் பழக்கிய ஒரு சாயங்காலத்துக்கு நன்றி சொன்னான். எதை விட்டான் என்று வசுமதி கவனிக்கவில்லை. ஆப்பிள் அவள் கைக்கு வந்துவிட்டது. உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள் அம்மா, தேவிக்கு எல்லா மொழியும் தெரியும் என்றாள் எலிசா, கண் பனிக்க.

வசுமதி சுற்றிலும் பார்த்தாள். ஒரு நாதிக்கும் தமிழ் தெரியாது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வசதி அவளுக்குக் கிடைத்ததில்லை.

"நன்றியா? உங்க மூஞ்சிக்கு நன்றி ஒரு கேடா," என்று ஆரம்பித்தாள், சகஸ்ரநாமம் சொல்கிற அதே ராகத்தில். "எருமை மாடாட்டம் வளர்ந்துட்டு, போர்வையைப் போத்திண்டு சொப்பு விளையாடறேள். இந்தத் தடியன் மூச்சு வாங்கறதைப் பார்த்தா சூரியனுக்கு முன்னாடி இவன் போய்ச் சேர்ந்துடுவான். எதையோ விடணுமாமே? எதை விடறது? அந்த மனுஷன் இருந்த வரைக்கும் என்னை ஒரு மனுஷியா மதிச்சதில்லை. அவர் போனப்போ எனக்கு அழுகையே வரலை. அப்பாடான்னு இருந்தது. எள்ளு அவருக்குப் போய்ச் சேர்ந்தா என்ன, சேராட்டா என்ன? நாளைக்குப் பூர்ணா கேப்பா, பண்ணினானான்னு. பண்ணினான்னு சொல்ல நேக்கு ஒரு வாய் வேணும், அவ்வளவுதான். இந்தத் தறுதலையைப் பெத்ததுக்கு வேற என்ன பிரயோஜனம்? அரைமணி நேரம் தர்ப்பையைப் போட்டுண்டு உக்காந்தாப் போதும், அப்பறம் இவன் எக்கேடு கெட்டுப் போகட்டும்!"

கும்பல் முழுவதும் கண்ணை மூடி, "ஆசி உண்டாகட்டும்," என்று இங்கிலீஷில் முனகியது. எலிசா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு புராதனமான பிரார்த்தனை, என்ன அர்த்தம் என்று ராகவைக் கேட்டாள். அவன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, அம்மா அப்பாவுக்கு நன்றி சொன்னாள், எல்லாவற்றுக்கும், என்று இங்கிலீஷில் சொன்னான். புரியாததைப் புரிந்த மாதிரி எப்படிச் சமாளிக்கிறான் பார், தகப்பன் புத்தி என்று வசுமதி உள்ளுக்குள் சிரித்தாள். வட்டத்தைத் திறந்ததும் ரொட்டியைத் தொடாமல் காருக்கு நடந்தாள். மனசு இவ்வளவு லேசாகி எத்தனையோ காலமாயிற்று. வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே ராகவ் வந்து நின்றான். தலையில் ஈரம், இடுப்பில் அப்பாவின் வேஷ்டி. வாரநாளில் பேங்க் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டி, லீவு நாளில் புரோகிதம் பண்ணுகிற வாத்தியார் தர்ப்பையை மாட்டிவிட்டார். முகத்தைச் சுளிப்பான், கடிகாரத்தைப் பார்ப்பான், மந்திரத்தைக் கடித்துத் துப்புவான் என்று வசுமதி எதிர்பார்த்திருந்தாள். அவன் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். சுந்தரராஜன் என்ற பெயரை நிறுத்தி, தெளிவாகச் சொல்லி எள்ளுத் தண்ணீரை விட்டான். கடிகாரத்தைப் பார்த்தவள் வசுமதிதான். பூர்ணா வீட்டில் இந்நேரம் முடிந்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் மணி அடிக்கும்.

வாத்தியார் தட்சிணையையும் வாழைக்காயையும் வாங்கிக்கொண்டு போனார். வசுமதி இலையைப் போட்டுப் பரிமாறினாள். வாழைக்காய் கறி, பாகற்காய் பிட்லை, பயத்தம்பருப்புப் பாயசம். விடிவதற்கு முன்னால் எழுந்து செய்தது. ராகவ் கையைத் துடைத்தபடி சமையலறைக்கு வந்தான். இலையைப் பார்த்தான். உட்காரவில்லை. நேராகச் சுவரில் இருந்த டெலிபோனை எடுத்து, நம்பரைச் சுழற்றினான்.

"பூர்ணா மாமி போன் பண்ற வரைக்கும் நீ ஏன் காத்திண்டிருக்கணும்? நானே போட்டுத் தரேன்."

வசுமதியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவன் பேசியது தமிழ். அதுவும் அவளுடைய தமிழ். அதே இழுப்பு, அதே மூக்குச் சுளிப்பு.

"நோக்கு... எப்போடா..."

"எப்பவுமே தெரியும். நீ இந்த போன்ல பேசிண்டிருப்பே, நான் மேஜைக்கடியில விளையாடிண்டிருப்பேன். எனக்குத் தெரிஞ்ச தமிழ் பூரா நீ மத்தவாளைத் திட்டினதுதான். நன்றி சொல்ற தமிழ் எனக்கு வராது. அதான் நேத்திக்கு இங்கிலீஷ்ல சொன்னேன்."

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்குப் பண்ணினது அப்பாவுக்கு. இது உனக்கு," என்று ரிசீவரை அவள் கையில் வைத்தான். "அரைமணி போதும்னே. கொஞ்சம் கூடவே ஆயிடுத்து."

அவன் கூடத்துக்குப் போனான். வேஷ்டியோடேயே ஷூவை மாட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. ராகவா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் காதில் தேன் குரல் வந்துவிட்டது.

"வசுவா? நானே பண்ணணும்னு நினைச்சேன். பையன் பண்ணினானா?"

"பண்ணினான், பூர்ணா. ஒரு வார்த்தை விடலை. வாத்தியாரே அசந்துபோயிட்டார்."

"கொடுத்துவெச்சவடி நீ! இந்தக் காலத்துல யாருக்கு இப்படி அமையறது, சொல்லு?" என்றாள் பூர்ணா மாமி. "கொழந்தை சாப்பிட்டானா?"

ஜன்னலுக்கு வெளியே ராகவின் கார் பின்னால் வந்து, திரும்பி, தெருவில் இறங்கியது. மேஜையில் இலை போட்டது போட்டபடி இருந்தது. பாயசத்தில் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.

"சாப்பிட்டுண்டே இருக்கான்," என்றாள் வசுமதி.