நாலு இட்லியும் ஓர் ஆபரேஷனும்

போன வியாழக்கிழமை காலையில் ஒரு பெண்மணியிடம், "சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் அவருக்கு நடக்க இருந்த ஆபரேஷன் நின்றுபோனது.

எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன். அதற்கு முன்னால், நான் ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு ஏன் இதைக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னோடு லேத்து, மைக்ரோமீட்டர், கப்பலூர் பஸ் என்று அலைந்த வாசகர்களுக்குத் தெரியும் — நான் வேலையை விட்டுவிட்டேன். இருபத்தெட்டு வயதில், மெக்கானிக்கல் டிப்ளமாவையும் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையையும் ஓரங்கட்டிவிட்டு, மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் முதல் வருட மாணவியாகச் சேர்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாமே. எழுதினால் ஞாயிற்றுக்கிழமை வெளியே போக எனக்கு அனுமதி கிடைக்காது.

ஆமாம்... அனுமதி! ஒரு பட்டறை ஆண்களின் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் நான். இப்போது தலைக்கு எண்ணெய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போக வேண்டுமென்றால், அதற்கு அப்பா கையெழுத்துப் போட வேண்டுமாம்.

ஏன் இந்த மாற்றம் என்று கேட்டு எழுதிய வாசகர்கள் எல்லாருக்கும் ஒரே பதில்தான். ஆறு வருடம் பம்பு செட் ஷாஃப்டுகளை அளந்தேன். ஒரு ஷாஃப்டாவது என்னை நிமிர்ந்து பார்த்து, "இப்பத் தேவலை" என்று சொன்னதில்லை.

இந்தப் பதிலை அம்மா ஏற்கவில்லை. எங்கள் ஆனையூர் வீட்டில் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

"பொண்ணு பாக்க வாரவுககிட்ட என்னன்னுடி சொல்றது? மெசினுப் படிப்பு படிச்சவன்னா, மூத்திரச் சட்டி தூக்குறவன்னா?"

"ரெண்டும்னு சொல்லும்மா."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வீட்டில் இப்படி என்றால் பள்ளியில் வேறு மாதிரி. என் வகுப்புப் பெண்களுக்கெல்லாம் பதினேழு, பதினெட்டு வயது. என்னை அக்கா என்கிறார்கள். சேர்ந்த அன்றே ஒரு பெண்ணின் அப்பா என் முன்னால் கைகூப்பி, "டீச்சர், எங்க புள்ளைய ஒங்கள நம்பித்தேன் விட்டுட்டுப் போறேன்" என்று கண்கலங்கினார். என்ன சொல்வது? சரிங்க என்றேன். அந்தப் பெண் இப்போதும் பாடத்தில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருகிறாள். சந்தேகம் எனக்கும் இருக்கிறது என்பதை அவள் நம்புவதில்லை.

வார்டிலும் இதே கதைதான். எஸ்தர் சிஸ்டர் படித்து முடித்த ஸ்டாஃப் நர்ஸ். வயது இருபத்திரண்டு இருக்கும். நோயாளிகள் அவரைத் தாண்டி என்னிடம் வந்து, "பெரிய நர்ஸம்மா, எங்களுக்கு எப்ப வீட்டுக்கு விடுவீக?" என்று கேட்கிறார்கள். பெரிய நர்ஸம்மாவுக்கு அன்றுவரை தெரிந்தவை: ஒன்று, பெட்ஷீட்டின் மூலையை மடிப்பது. இரண்டு, தெர்மாமீட்டரை உதறுவது. மூன்றாவது இன்னும் சொல்லித்தரவில்லை.

இந்த முகத்தோடுதான் வியாழக்கிழமைக் காலை வார்டில் நின்றேன். அதுதான் வினை. அவசரத்தில் எஸ்தர் சிஸ்டருக்கும் நான் கற்றுக்குட்டி என்பது மறந்துபோனது.

"அக்கா... சாரி, நீங்க போயி ஆறாம் பெட்டு அம்மா ஏதும் சாப்ட்டாங்களான்னு கேட்டுட்டு வாங்க. சர்ஜன் வந்துட்டாரு."

ஆறாம் பெட்டில் இருந்தவர் பேச்சியம்மாள். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கழுத்தில் எலுமிச்சை அளவாக இருந்த கழலை, பார்த்துக்கொண்டே இருந்ததில் மாங்காய் அளவாகிவிட்டது. படுத்தால் மூச்சு அடைக்கிறது. சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியேதான் பல மாதமாகத் தூங்குகிறார். ஆபரேஷன் வேண்டும் என்று அழுது அடம்பிடித்து, கடைசியில் கணவர் தவமணி கூட்டிவந்துவிட்டார். ஆனால் பேச்சியம்மாளின் அண்ணனுக்குச் சம்மதம் இல்லை. "கழுத்துல கத்தி வைக்கிறதா?" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே கூட வந்தவர் அவர். இதில் இன்னொன்று — சர்ஜன் வாரத்தில் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார்.

ஆபரேஷனுக்கு முந்தின இரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. வயிற்றில் ஏதாவது இருந்தால், மயக்க மருந்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கேட்டுவரச் சொன்னார் சிஸ்டர். நானும் போய்ச் சிரித்த முகத்தோடு கேட்டேன்.

"சாப்ட்டீங்களாம்மா?"

"ஆச்சு தாயி. நீ சாப்ட்டியா?"

"ஆச்சும்மா" என்றேன் நானும்.

நான் அப்போது சாப்பிட்டிருக்கவில்லை. வார்டில் இருந்து விட்டால்தானே மெஸ்ஸுக்குப் போக? ஆனாலும் "ஆச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த இடத்தில் ஒரு விநாடி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நேராகப் போய், "சாப்ட்டாங்களாம் சிஸ்டர்" என்றேன். சிஸ்டர் சர்ஜனிடம் சொன்னார். சர்ஜன், "அப்ப அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

இதைச் சொன்னதும் பேச்சியம்மாள் என்னை விழித்துப் பார்த்தார்.

"நா எங்க தாயி சாப்ட்டேன்? ராத்திரியில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல!"

"பின்ன ஏம்மா ஆச்சுன்னீங்க?"

"நீ மொகத்தப் பாத்து சாப்ட்டீங்களான்னு கேட்ட. இல்லேன்னு சொன்னா என்ன நெனப்ப? இவ சோத்துக்கு அலையிறான்னு நெனைக்க மாட்டே?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் சொன்னதில் என்ன தப்பு? நம் ஊரில் யாராவது இதைக் கேள்வியாகக் கேட்கிறோமா? பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் சாப்ட்டீங்களா, கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து கை கழுவிக்கொண்டு வருகிறவரைப் பார்த்தாலும் சாப்ட்டீங்களா. அதற்கு உண்மையைச் சொல்கிறவர் யார்? இல்லை என்று சொன்னால் கேட்டவருக்கு இலை போட வேண்டிய சங்கடம்.

சரி, கணவரைக் கேட்டுவிடலாம் என்று எஸ்தர் சிஸ்டர் வார்டு வாசலுக்கு வந்தார். அங்கே தவமணி, பக்கத்தில் மச்சான். பட்டினி விதியைப் பேச்சியம்மாளிடம் சொன்னோமே தவிர, வெளியே நிற்கிற ஆண்களிடம் யாரும் சொல்லவில்லை.

"ஒங்க வீட்டம்மா ஏதும் சாப்ட்டாங்களா?"

தவமணி ஒருமுறை மச்சானைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"அதெல்லாம் ஒரு கொறை வைக்கல சிஸ்டர். ஏழு மணிக்கே சுடச்சுட நாலு இட்லி வாங்கிக் குடுத்துட்டேன்ல!"

முடிந்தது கதை!

"பாருங்கக்கா" என்றார் எஸ்தர் சிஸ்டர் என்னிடம். "சாப்ட்டாங்கன்னு ரெண்டு வாக்கு. சாப்டலைன்னு ஒரு வாக்கு. டாக்டர் எதை நம்புவாரு? நான் எதை நம்புறது?" அவர் கேட்டது நியாயம்தான். சந்தேகம் இருந்தால் கத்தி வைக்க முடியாது.

அதற்குள் அண்ணன்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார்.

"தடங்கல் வந்துருச்சுல்ல? அம்புட்டுத்தேன். கெளம்பு மாப்ள, பஸ்ஸப் புடிப்போம். இந்தச் சோலியே நமக்கு வேணாம்."

உள்ளே பேச்சியம்மாள் அழ ஆரம்பித்தார். அழக்கூட அவரால் முடியவில்லை. மூச்சு விசிலடித்தது. இன்றைக்கு ஊருக்குப் போனால் இவரை இனி யாரும் இங்கே கூட்டிவர மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு யார்மேல் கோபம் என்றே புரியவில்லை. அவர்மேலா, இவர்மேலா... எல்லாரையும்விட என்மேல்தான். ஆறு வருடம் பட்டறையில் நான் படித்த பாடம் என்ன? "சைஸ் சரியா இருக்காண்ணே?" என்று லேத்து ஓட்டும் டர்னரிடம் கேட்டால், "இருக்கு தங்கச்சி" என்றுதான் சொல்வார். எந்த டர்னரும் இல்லை என்று சொன்னதில்லை. அதனால் அப்படிக் கேட்கவே கூடாது. அளவு எவ்வளவு, எந்த இடத்தில் அளந்தது, எதை வைத்து அளந்தது — இப்படித்தான் கேட்க வேண்டும். இரும்புக்குக் கொடுத்த மரியாதையை நான் மனுஷிக்குக் கொடுக்கவில்லை.

தவமணியிடம் போனேன்.

"அண்ணே, இட்லிய எங்க வச்சுக் குடுத்தீங்க?"

"இங்கனதேன்... வார்டுல."

"நீங்க இந்த வார்டு வாசலுக்கு எப்ப வந்தீங்க?"

"இந்தா, இப்பத்தேன். ஒம்போது மணிக்கு முன்ன ஆம்பளையாளுகள விட மாட்டேன்னு வாட்ச்மேன் மறிச்சுப்புட்டாருல்ல."

"அப்ப ஏழு மணி இட்லி உள்ள எப்படிப் போச்சு?"

தலையைச் சொறிந்தார்.

"இலைய எங்க போட்டீங்க?"

"அந்த வேப்பமரத்தடியில..."

"அவங்க வேப்பமரத்தடிக்கு வந்தாங்களா?"

அவர் மச்சானைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அவர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "அண்ணே, அவங்க சாப்டலைன்னா இன்னிக்கே ஆபரேஷன் நடக்கும். சாப்ட்டிருந்தா நடக்கக் கூடாது, நடந்தா உசுருக்கு ஆபத்து. மருவாதை, கவுரவம் எல்லாத்தையும் விட்டுட்டு, நெசத்த மட்டும் சொல்லுங்க."

தொண்டையைச் செருமினார். மெல்லத்தான் சொன்னார். ஆனால் வார்டு முழுக்கக் கேட்டது.

"நாந்தேன் தின்னேன்."

"என்னது?" என்றார் அண்ணன்.

"நீங்க டீ குடிக்கப் போனப்ப நாலையும் நாந்தேன் தின்னேன் மச்சான். பசி தாங்கல."

"எந்தங்கச்சி அங்க பட்டினி கெடக்கு. நீ மரத்தடியில ஒக்காந்து நாலு இட்லி திங்கிற! அதுவும் சட்னி வச்சு!"

"சாம்பாரும் ஊத்துனாய்ங்க..."

வார்டில் சிரிக்காத ஆள் இல்லை, அண்ணனைத் தவிர. உள்ளேயிருந்து பேச்சியம்மாளின் கம்மிய குரல் வந்தது: "சும்மா இருண்ணே! அவருக்குப் பசி தாங்காது. போயி சாப்புடுங்கன்னு நாந்தேன் ஆயாம்மாகிட்டச் சொல்லிவிட்டேன்."

தவமணியை ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கூட்டிப்போனேன். பாவம், மனிதர் அங்கே இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. வேப்பமரம், இலை, சாம்பார் எல்லாவற்றையும் சர்ஜன் நிதானமாகக் கேட்டார். ஆயாம்மாவை அழைத்து விசாரித்தார். பேச்சியம்மாளையும் தனியாக விசாரித்தார். அன்றைய ஆபரேஷன்களில் கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாப்ட்டாங்கன்னு மொதல்ல வந்து சொன்னது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"எந்த வருஷம் நீங்க?"

"முதல் வருஷம் டாக்டர்."

முகத்தை உற்றுப் பார்த்தார். "இந்த வயசுலயா?"

அன்றைக்கு இருந்த தலைவலியில் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

இப்போதெல்லாம் நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "கடைசியா வாயில என்ன போட்டீங்க? எப்ப?" என்றுதான் கேட்கிறேன். "என்ன புள்ள, போலீஸு மாதிரி கேக்குற?" என்று கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். "வலி இருக்கா?" என்பதையும் விட்டுவிட்டேன். அதற்கும் எங்கள் வார்டில் ஒரே பதில்தான் — "பரவாயில்ல தாயி." வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே சொல்லும் பரவாயில்லை! நம் ஜனங்களுக்கு நோயை மறைப்பதில்கூட ஒரு விருந்தோம்பல். நர்ஸுக்கு மனக்கஷ்டம் கொடுத்துவிடக் கூடாதாம்.

பேச்சியம்மாளின் ஆபரேஷன் அன்று மத்தியானமே நல்லபடியாக முடிந்தது.

நேற்று வார்டுக்குள் நுழைகிறேன். அண்ணன்காரர் பக்கத்துப் பெட்டுக்காரர்களுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

"மொதல்ல இருந்தே நாஞ் சொல்லிக்கிட்டே இருந்தேன், ஆபரேசன் பண்ணித்தேன் ஆகணும்னு. இவய்ங்கதேன் கேக்கல. பயந்தாங்கொள்ளிப் பயலுக!"

பக்கத்தில் தவமணி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு நாக்கு நுனி வரை ஒரு பதில் வந்துவிட்டது. நல்ல, சூடான பதில். அப்போதுதான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். கழுத்தில் கட்டோடு, சுவரில் சாயாமல், தலையணையில் தலை வைத்து மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். லேசான குறட்டைகூட வந்தது.

உதட்டில் விரலை வைத்து அண்ணனை வெளியே போகச் சொன்னேன்.

வழியெல்லாம் முனகியது யார் என்ற அந்தப் பதிலை இங்கே எழுதிவிட்டேன். எழுதினால் யாருடைய தூக்கமும் கலையாது அல்லவா?