முப்பது நாள் ஓடிய கணினி

என் மனைவி, மகளை அழைத்துக்கொண்டு செமினி ஊருக்குப் போன வருடம் எனக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் குழம்பிவிடும் என்று ஊரெங்கும் பேசிக்கொண்டிருந்த நேரம். நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில், இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். குடியிருந்தது கிள்ளானில், ஒரு கடைவரிசையின் மேல்மாடியில். கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. வாரம் முழுவதும் என்ஜின் உறுமல் கேட்டபடி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது. முன்பெல்லாம் அந்த அமைதிக்காகக் காத்திருப்பேன். அந்த வருடம் அது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. பல வருடங்களாகவே பேச்சு குறைந்துகொண்டு வந்தது. அவள் ஆசிரியை. செமினியில் ஒரு பள்ளிக்கு மாற்றல் கேட்டிருந்தாள், கிடைத்தது. ‘நீங்களும் வாங்க’ என்று அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

மகளுக்கு அப்போது பதினாலு வயது. அவளுக்காக வாங்கிய கம்ப்யூட்டரை என்னிடமே விட்டுப் போனாள். சனிக்கிழமைதோறும் வருவேன், வரும்போது இங்கே ஒன்று இருக்கட்டும் என்றாள். லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது மாடிக்கு ஓடி வந்து, “அப்பா, என்னோடதெல்லாம் அப்படியே இருக்கணும். எதையும் அழிச்சிராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் சில வாரங்கள் தவறாமல் வந்தாள். பிறகு டியூஷன் வந்தது, நெட்பால் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை என்று ஆனது. அவள் வராத சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். திரை நிறைய ஒரு வெள்ளைப் பூனைப் படம். அதன் மேல் அவளுடைய கோப்புறைகள். ஒன்றுக்கு ‘சொந்தம்’ என்று பெயர் வைத்திருந்தாள். நான் எதையும் திறந்ததில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

எங்கள் பிரிவில் ஒரு சீன இன்ஜினியர் இருந்தார், என் வயதுக்காரர்தான். மலாயும் இங்கிலீஷும் கலந்துதான் பேசிக்கொள்வோம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், வீட்டில் என்ன செய்கிறாய் என்று கேட்டார். ஒன்றும் செய்வதில்லை என்றேன். “வீட்ல கம்ப்யூட்டர் இருக்குல்ல? விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுப் பாரு. ஃப்ரீ லா” என்றார்.

“இருக்கிறத அழிக்கணுமா?”

“அழிச்சிட்டுப் போட்டா நல்லது.”

“அழிக்க முடியாது. அது என் மகளோடது.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். மறுநாள் இரண்டு சிடிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றில் லினக்ஸ். மற்றதில் இருந்த நிரல் புதிதாக வந்தது. அது கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்குமாம். உள்ளே என்ன நடந்தாலும் வெளியே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. “ஆனா இது சாம்பிள். முப்பது நாள்தான் ஓடும்” என்றார். மெய்நிகர் கணினி என்று இப்போது சொல்கிறார்கள். அன்று அதற்கு என்ன பெயர் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். எதிலும் கை வைக்கவில்லை என்று சொல்லலாம். அவளுடைய கோப்புகளுக்குப் பக்கத்தில் பெரிய கோப்பு ஒன்று மட்டும் புதிதாக வந்தது. அதுதான் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க். பூனைப் படத்தின் மேல் ஒரு கறுப்புச் சதுரம் திறந்தது. நிஜக் கம்ப்யூட்டர் போலவே அது நினைவகத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, சிடியைத் தேடிப் பிடித்து ஓட ஆரம்பித்தது. நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

எழுத்துத் திரையில் கேள்வி மேல் கேள்வியாக வந்தது. எந்த விசைப்பலகை, எந்த நேரம், எவ்வளவு இடம். தெரிந்ததற்குப் பதில் சொன்னேன், தெரியாததற்கு எண்டர் தட்டினேன். சுட்டியை அந்தச் சதுரத்துக்குள் சொடுக்கியதும் அது உள்ளேயே மாட்டிக்கொண்டது. வெளியே எடுக்க வழி தெரியாமல் கம்ப்யூட்டரையே அணைத்தேன். அதற்கு விசைகள் இருக்கின்றன என்று திங்கட்கிழமை இன்ஜினியர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த ஞாயிறு எல்லாம் ஏறிவிட்டது. திரைதான் வரவில்லை. புள்ளிபுள்ளியாகச் சாம்பல் நிறம், நடுவில் ஒரு பெருக்கல் குறி. படம் காட்டுவதற்கான டிரைவரை மாற்றினேன். இப்போது திரை வந்தது, ஆனால் எருமை நடை. நான் தேர்ந்தெடுத்தது அலங்காரமான மேசைத்திரை. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததே அறுபத்து நான்கு எம்பி நினைவகம், அதில் உள்ளே இருப்பதற்கு இருபத்து நான்குதான் பிரித்துக் கொடுக்க முடிந்தது. மெனுவைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்க் கோப்பி கலக்கி வந்தால், அப்போதுதான் பாதி மெனு வந்திருக்கும். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது ஞாயிறு அதையெல்லாம் கழற்றி எறிந்தேன். சிடியிலேயே சின்ன நிரல் ஒன்று கிடந்தது. ஜன்னல்களுக்குச் சட்டம் போடும், வலப்பக்கம் சொடுக்கினால் ஒரு மெனு காட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அதைப் போட்டுவிட்டுத் திரும்ப ஓட விட்டேன். சொடுக்கிய கையோடு மெனு வந்து நின்றது. எழுதும் நிரல் திறந்தது. கடிகாரம் ஓடியது. பின்திரைக்கு இளம்பச்சை நிறம் கொடுத்தேன். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு காரியத்தைத் தொடங்கி முடித்திருந்தேன்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இன்ஜினியர் வீட்டு எண் என்னிடம் இல்லை. செமினிக்குப் போன் போட்டேன். மனைவிதான் எடுத்தாள்.

“பாப்பா இல்லையே, டியூஷன் போயிருக்கா. என்ன விஷயம்?”

“ஒன்னும் இல்ல. கம்ப்யூட்டர்ல ஒன்னு போட்டேன். மூனு வாரமா வரல, இப்ப வந்துருச்சி.”

“என்னது?”

விளக்க ஆரம்பித்தேன். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் என்றேன். பெரிய மேசைத்திரை இழுக்க முடியாமல் திணறியது, சின்னதைப் போட்டதும் ஓடியது என்றேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கல்யாணமான புதிதில், எந்த இயந்திரம் எப்படி நின்றுபோனது என்று நான் சொல்வதையெல்லாம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

“நல்லதுதான்” என்றாள். “சாப்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“மணி மூனாவுது. போய்ச் சாப்பிடுங்க.”

போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மகள் வந்தாள். முந்தைய நாளே அவள் பெயரில் உள்ளே ஒரு கணக்கு திறந்து வைத்திருந்தேன். அவள் நுழைந்தால் பின்திரை அவளுக்குப் பிடித்த ஊதா நிறத்தில் வரும். பையை இறக்கி வைக்கக்கூட விடாமல் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நீங்களே செஞ்சீங்களா அப்பா?” என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரைத் தட்டினாள். மெனுவை இரண்டு முறை திறந்து மூடினாள். “நல்லா இருக்கு. இதுல கேம் இருக்கா?”

“பாம்பு மாதிரி ஒன்னு இருக்கு.”

ஐந்து நிமிடம் விளையாடினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, “அப்பா, அம்மா எனக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கிட்டாங்க. போன மாசமே. ஒங்ககிட்ட சொல்லலாம்னு நெனச்சேன்” என்றாள்.

“நல்லது” என்றேன்.

“இதுல உள்ளதெல்லாம் எனக்கு வேணாம் லா. அழிச்சிருங்க. அதான் எடத்த அடைச்சிக்கிட்டு ஸ்லோவா இருக்கு.”

“சொந்தம்னு ஒன்னு வச்சிருக்கியே.”

அவள் முகம் சிவந்தது. “அது சின்ன வயசுல எழுதுனது. தொறந்து பாத்தீங்களா?”

“இல்லம்மா.”

“அதையும் அழிச்சிருங்க.”

சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். கோலாலம்பூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது கேட்டாள்: “நான் வராத சனிக்கிழமையெல்லாம் வீட்ல இதான் பண்ணிக்கிட்டு இருக்கீங்களா?”

“சேச்சே. கூட்டாளிங்க வருவாங்க. சீட்டு வெளையாடுவோம்.”

“யாரு?”

“வேல எடத்து ஆளுங்க.”

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினாள்.

அது கழிந்து இரண்டாவது புதன்கிழமை, வேலை முடிந்து வந்து சொடுக்கியபோது கறுப்புச் சதுரம் திறக்கவில்லை. தவணை முடிந்துவிட்டது என்று ஒரு வரி மட்டும் வந்தது. வேறு சாம்பிள் வாங்கித் தரட்டுமா என்று இன்ஜினியர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ஞாயிறு மகளின் கோப்புகளை ஒவ்வொன்றாக டிஸ்கெட்டில் ஏற்றினேன். பதினோரு டிஸ்கெட் ஆனது. ‘சொந்த’த்தையும் திறக்காமலே ஏற்றி, ரப்பர் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்தேன். பிறகு லினக்ஸ் சிடியைப் போட்டு, எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று அது கேட்டபோது ஆம் என்றேன். முழு நினைவகமும் கிடைத்ததும் அந்தச் சின்ன மேசைத்திரை கண் இமைப்பதற்குள் வந்தது. திரையில் பூனை இல்லை. அன்று அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிள்ளான் தெருக்களில் இருட்டும்வரை நடந்தேன்.

நடந்துகொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. மகள் வருவதற்காக நான் காத்திருந்தேனே தவிர, ஒருமுறைகூட நான் செமினிக்குப் போனதில்லை. யாரும் என்னை வர வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். கோலாலம்பூரில் இறங்கி காஜாங் பஸ், காஜாங்கில் இறங்கி செமினி பஸ். மூன்று மணி நேரம் ஆனது. அவள் டியூஷன் முடிந்து வரும் பாதையோரம், நூடுல்ஸ் வறுத்துக் கொடுக்கும் ஓர் ஒட்டுக்கடை இருந்தது. அங்கே காத்திருக்கும்படி காலையிலேயே போனில் அவள்தான் சொல்லியிருந்தாள். அரை மணி நேரம் தாமதமாக, வெயிலில் முகம் கறுத்து வந்தாள். எதிரே உட்கார்ந்து புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். கடைக்கார அக்கா வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “ரெண்டு மீ கோரெங், அக்கா. ஒன்னுல உறைப்பு கம்மியா போடுங்க. அப்பாவுக்கு வயித்துக்கு ஆவாது.”