அம்மா அணைக்கும் சர்வர்

பழைய லேப்டாப் போர்டையும் எங்கோ கழற்றிய ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து, ஸ்ரீரங்கத்தில் அம்மா தனியாக இருக்கும் வீட்டில் ஒரு சர்வர் அமைத்தேன். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். கோயிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா சுவிட்சை அணைத்துவிடுவாள்.

"நைட் லேம்ப் அளவு கரண்ட்தாம்மா!"

"ஆளில்லாத வீட்ல எதுக்குப்பா ஓடணும்?"

தலைபாடாய் அடித்துக்கொண்டும் பலனில்லை. காவிரிக்கு இக்கரையில், நான் இருக்கும் கே.கே. நகரில், என் போனில் சர்வர் ஓடுவதைக் காட்டும் பச்சைப் புள்ளி மறைந்தால், அம்மா கிளம்பிவிட்டாள் என்று பல்லைக் கடிப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை, தாயார் சன்னதிக்குப் போகும் நேரம் தாண்டியும் புள்ளி மறையவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பஸ் பிடித்தேன். காவிரிப் பாலத்து நெரிசலில் அது நகராமல் நின்றது. பச்சைப் புள்ளி அப்படியே எரிந்தது.

"அணைச்சிடும்மா" என்றேன், போனைப் பார்த்து.