இடமாகச் சுற்றிய கயிறு

வங்காள விரிகுடாவில் ஒரு புயலை நான் உண்டாக்கியிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் வீடு. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் மீன் பிடிக்க ஒரு பைபர் படகு இருந்தது; போட்டு என்போம். அதன் நங்கூரக் கயிற்றைச் சுற்றி வைப்பது என் வேலை. நானே அடம்பிடித்து வாங்கிக்கொண்டது. அதற்கு ஒரே விதிதான். கயிற்றை வலப்பக்கமாகவே வளைத்து வளைத்துச் சுற்ற வேண்டும். இடமாகச் சுற்றினால் முறுக்கு எதிர்த்துக்கொண்டு சிக்கு விழும். அவசரத்துக்கு நங்கூரம் போடும்போது கயிறு ஓடாது. எனக்கோ இடது கைப் பழக்கம். கொஞ்சம் அசந்தால் கை அதன் பாட்டுக்கு இடப்பக்கம் போய்விடும்.

அன்று சாயங்காலம் டிவியில் கார்ட்டூன் போடும் நேரம். முழுக் கயிற்றையும் இடமாகச் சுற்றியிருக்கிறேன் என்பதைக் கடைசி வளையத்தில்தான் கவனித்தேன். பிரித்துச் சுற்றச் சோம்பல். மேலே வலையை இழுத்து மூடிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

விடியும் முன் நைனா கிளம்பும்போது அரைத் தூக்கத்தில் பேச்சு கேட்டது.

"வானம் ஒரு மாரி கீது. இன்னிக்கி வாணாம்னு பாக்குறேன்."

"ஐப்பசில வானம் வேற எப்டி இருக்கும்? வூட்ல குந்திகினு இன்னா பண்ணப்போற? போய்ட்டு வா," என்றாள் அம்மா.

வழக்கமாக ஒன்பது மணிக்கெல்லாம் போட்டுகள் கரையேறிவிடும். அன்று பதினொன்றாகியும் நைனாவுடையது மட்டும் வரவில்லை. போன் போகவில்லை. சித்தப்பா தன் போட்டை எடுத்துக்கொண்டு தேடப் போனார். எங்கோ தூரத்தில் கிடந்த தாழ்வு மண்டலம் ராத்திரியோடு ராத்திரியாக வலுத்து நம் பக்கம் திரும்பிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். கடலின் மேல் ஒரு வெள்ளைச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று விரலால் காற்றில் வரைந்து பார்த்தேன். இடப்பக்கம். நான் சுற்றிய அதே பக்கம்.

நம் பாதி உலகத்தில் எல்லாப் புயலும் அப்படித்தான் சுற்றும் என்பதைக் கல்லூரியில் படித்தபோது தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சுற்றியவள்தான் பிரிக்க வேண்டும் என்பது. கயிறு கடலில் இருந்தது. அதனால் வீட்டில் இருந்த சுருள்களைத் திருத்த ஆரம்பித்தேன். கொசுவத்திச் சுருளை எடுத்துக் குப்புறப் போட்டேன், வலமாக மாறியது. தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு டப்பாவைத் திறந்து, இடமாகச் சுற்றியிருந்த ஒவ்வொன்றையும் புரட்டி வைத்தேன். நாலைந்து உடைந்தன. அவற்றை டப்பாவின் அடியில் தள்ளி மறைத்தேன்.

சாமி மாடத்தில் ஒரு சங்கு இருந்தது. அது இடம்புரி. புரட்டினேன், தலைகீழாகப் பிடித்தேன், கண்ணாடியில் காட்டினேன். கண்ணாடிக்குள் மட்டும் மாறியது; கையில் இருந்தது மாறவே இல்லை. அப்போதுதான் நிஜமாகவே பயந்துபோனேன். நைனா வரமாட்டார் என்று தோன்றிவிட்டது.

அம்மா வாசற்படியில் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அடுப்புப் பற்றவைக்கவில்லை.

"மா, நான்தான். கயித்த லெஃப்ட்ல சுத்திட்டேன். என்னாலதான் புயல் வந்துகினு கீது."

முதுகில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன். அவள் என்னை இழுத்துத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீ இல்லடி. நான்தான்."

அழுத்திச் சொன்னாள். என் தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

நாலு மணிக்குச் சித்தப்பாவின் போட்டு நைனாவின் போட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இன்ஜின் நின்றுபோய், நங்கூரம் போட்டு அலையில் கிடந்திருக்கிறார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

"கயிறு பேஜாரு பண்ணிடுச்சி. பிரிச்சிப் பிரிச்சி வுடறதுக்குள்ள தாவு தீர்ந்துச்சி," என்றார்.

அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தேங்காயெண்ணெய் எடுத்து வந்து அவர் கையில் தடவினாள்.

அதன்பிறகு கயிற்றை நான் ஒருநாளும் இடமாகச் சுற்றியதில்லை. அம்மாவும் நைனாவைப் பார்த்து ஒருநாளும் "போய்ட்டு வா" என்று சொன்னதில்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தாலும் சரி, "கெளம்பட்டா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "உன் இஷ்டம்" என்பாள். நைனா வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். அன்றைக்கு அவ்வளவு நேரம் தவிக்கவிட்டதற்கு அம்மாவுக்கு அவர் மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் புரண்டு படுப்பேன்.