ஜெசிந்தாவின் பதினோரு வரிகள்

திங்கட்கிழமை காலை ஆபீஸ் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது: ஜெசிந்தா இறந்துவிட்டாள். நான் படிப்பதற்குள் அதன் கீழே முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். எங்கள் டீம் லீடர் மட்டும் நீளமாக எழுதியிருந்தார், அருமையான உழைப்பாளி என்று.

அவளைத் தெரிந்த உங்களில் பலருக்கு அவள் வேலை தெரியாது. ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகளைத் தனித்தனியாக ஓடவைக்கும் மென்பொருள் எங்களுடையது. உள்ளே ஓடும் கணினி ஒவ்வொரு முறை மணி பார்க்கவும் வேலையை நிறுத்தி, வெளியே வந்து கேட்டுவிட்டுப் போகும். நாங்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவள்தான் கேட்டாள், "வீட்டுக்குள்ள கடிகாரத்த வச்சிக்கிட்டு எதுக்குளா அண்ணாச்சி கடைக்குப் போயி மணி கேக்கணும்?" பதினோரு வரி நிரல் எழுதி அந்த அலைச்சலை நிறுத்த வழி செய்தாள்.

"ஒரு மைக்ரோ செகண்டுக்கா இம்புட்டுப் பாடு?" என்று லீடர் சிரித்தார்.

"ஒரு தடவைக்கு அம்புட்டுதான் சார். ஒரு நாளைக்கு எத்தன கோடி தடவன்னு பாத்தியளா?" என்றாள். அவர் பார்க்கவில்லை. நான்கு மாதம் அது மென்பொருளில் சேர்க்கப்படாமல் கிடப்பில் இருந்தது.

அதற்குள் அவளுக்குப் புற்றுநோய். நீண்ட விடுப்பில் போனதும் அவள் லாகினை மூடினார்கள். பிறகு ஒரு வாடிக்கையாளர், எல்லாம் மெதுவாக ஓடுகிறது என்று சத்தம் போட்டதும் லீடருக்கு அந்த வரிகள் ஞாபகம் வந்தன. "உன் பேர்ல போடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் என்னிடம். அவள் வரிகளை என் பெயரில் சேர்த்தேன். எழுதியவர் பெயரைத் தனியாகக் குறிப்பிட ஓர் இடம் உண்டு. நிரப்ப அரை நிமிடம் ஆகும். நான் நிரப்பவில்லை. பாராட்டு மெயில்கள் எனக்கு வந்தன.

தன் ஊரான திரேஸ்புரத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க எங்கள் ஆபீஸ் அவளை விடவில்லை. விடத் தயாராக இருந்த வேறொரு கம்பெனிக்கு விண்ணப்பித்தாள். இந்த வரிகளைத்தான் தன் வேலை என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், அந்தக் கம்பெனிக்காரர்களும் பார்த்தார்கள்.

எனக்குப் போன் போட்டாள். "ஏளா, அதுல உன் பேருல்லா இருக்கு. நான் பொய் சொல்லுதேன்னு நெனைக்காவ. நீ ஒரு மெயில் மட்டும் போடு, போதும்."

நாளைக்கு என்றேன். லீடருக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயம். மூன்று வாரம் நாளைக்கு, நாளைக்கு என்றே சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அந்த வேலையும் கிடைக்கவில்லை.

அடக்கத்தன்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் உன்னய ஒரு கொற சொல்லலம்மா அவ" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் ஞாபகமாக உங்களில் சிலர் போட்டோ வைத்திருக்கிறீர்கள், சிலர் அவள் தந்த புத்தகம் வைத்திருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது அவள் வேலை. என் பெயரில் இருக்கிறது.