வளர்கிற தலைக்கு ஒரு ஹெல்மெட்

எங்கள் வீட்டில் எதையும் அளவாக வாங்கியதில்லை. யூனிபார்ம் பாவாடையின் அடியில் மடிப்பு மடிப்பாகத் துணி இருக்கும். ஷூவின் நுனியில் பஞ்சு அடைத்திருக்கும். கேட்டால் வளர்கிற பெண் என்பார் அப்பா. கஞ்சத்தனத்துக்கு அவர் வைத்த பெயர் அது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பத்தாம் வகுப்பு படித்தபோது, ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து கிழக்குத் தாம்பரத்துக்கு டியூஷன் போக சைக்கிள் கேட்டேன். அதுவரை அப்பாதான் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு நாளாவது தனியாகப் போய்வர வேண்டும் என்று தவித்தேன். ஹெல்மெட் போட்டால் போகலாம் என்றார். சைக்கிள் ஹெல்மெட் எங்கள் பக்கத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று தெரிந்துதான் சொன்னார்.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா இரண்டு கொண்டுவந்துவிட்டார். பொருந்தாததைத் திருப்பிக் கொடுத்தால் அங்கே கடையில் வாங்கிக்கொள்வார்களாம். சின்னது புருவத்துக்கு மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. தலையை உலுக்கினேன், அசையவில்லை. பெரியது கண்ணை மறைத்தது.

"பெரிசே இருக்கட்டும். வளர்ற பொண்ணு," என்றார் அப்பா.

"இது தலை அண்ணா. இனிமே எவ்ளோ வளந்துடும்?" என்றார் சித்தப்பா.

"உள்ள ஒரு துண்டை மடிச்சு வெச்சாப் போச்சு."

சித்தப்பா சிரித்து மழுப்பிவிட்டு, சின்னதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அத்தனை வருஷம் அமெரிக்காவில் இருந்தும் அண்ணனை அதற்கு மேல் எதிர்த்துப் பேச வரவில்லை. அவரையும் நான் மன்னிக்கவில்லை.

சைக்கிள் வாங்கிய முதல் வாரமே, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கத் திரும்பினேன். ஹெல்மெட் மூக்குவரை இறங்கியது. சாலையோரம் கொட்டியிருந்த ஜல்லியில் போய் விழுந்தேன். வார் தாடையை விட்டு நழுவி, ஹெல்மெட் தனியே உருண்டு ஓடியது. என் நெற்றி கிழிந்தது.

டீக்கடைக்காரர் ஓடிவந்து தூக்கினார். "இன்னா பாப்பா, அண்டாவக் கவுத்துக்கினு வந்தா ரோடு எப்டி தெரியும்?"

சேதி கேட்டு வந்த அப்பா, முதலில் ஹெல்மெட்டைத்தான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வேளை, ஒரு கீறல்கூட இல்ல," என்றார். மறுநாளே சைக்கிளை விற்றுவிட்டார். பழையபடி பஸ், பக்கத்து சீட்டில் அவர்.

ஹெல்மெட்டை அம்மா சமையலறையில் தொங்கவிட்டு வெங்காயம் போட்டுவைத்தாள். அது பொருந்தியது வெங்காயத்துக்குத்தான்.

போன மாதம் அந்த வீட்டைக் காலிசெய்தபோது பரணில் கிடந்தது. எனக்கு ஐம்பது ஆகப்போகிறது. தூசி தட்டி மாட்டிப் பார்த்தேன். கண்ணை மறைத்தது.